கோடு வராத வில்லாக்கள்

என்னைப் புனேவுக்கு மாற்றப் பார்க்கிறார்கள் என்று தெரிந்த அன்று, ஊரப்பாக்கம் வீட்டுக் கூடத்தில் காபி டம்ளரும் கையுமாக நின்று ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். கேட்க இரண்டே பேர், மனைவியும் மகளும். "நான் போயிட்டா இந்த வீடு என்ன ஆகும்னு யோசிச்சுப் பாத்தீங்களா? மோட்டார் யார் போடுவாங்க? இன்வெர்ட்டர் பேட்டரிக்கு யார் தண்ணி ஊத்துவாங்க? இவ பிளஸ் டூ. டியூஷன் முடிஞ்சு வரும்போது ஜி.எஸ்.டி. ரோட்டை யார் கூடவே இருந்து தாண்ட வைப்பாங்க?" குரல் கம்மும் இடத்தில் கம்மியும் காட்டினேன். மகள் செல்போனில் இருந்து தலையைத் தூக்கவில்லை. மனைவி, "காபி ஆறுது, குடிச்சுட்டுப் பேசுங்க" என்றாள்.

வெளியே அப்படி உதார் விட்டாலும் உள்ளே எனக்கு உதறல்தான். எங்கள் கம்பெனிக்குச் செங்கல்பட்டில் ஒரு சின்னக் கிளை. வேலை குறைந்துபோய், மின்விசிறிக்குக் கீழே யார் உட்காருவது என்பதுதான் அங்கே பெரிய பிரச்சினையாக இருந்தது. மேலாளர் என்னைக் கூப்பிட்டுத் தெளிவாகச் சொல்லிவிட்டார். மாமல்லபுரம் பக்கத்தில் ஒரு ரிசார்ட்டில் நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் மென்பொருள் போடும் வேலை பாதியில் நிற்கிறது. அதை முடித்து ஓனரிடம் கையெழுத்து வாங்கினால் வருஷப் பராமரிப்பும் நமக்கே வரும், நீ இங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் புனே. "சப்பாத்தி பிடிக்கும்ல உனக்கு?" என்று வேறு கேட்டார். அந்த ஆளை அன்றைக்கு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

காலையில் ரயிலேறிச் செங்கல்பட்டில் இறங்கி, திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்து, மாமல்லபுரத்தில் ஷேர் ஆட்டோ ஏறி ரிசார்ட்டுக்குப் போனேன். ஓனர் அந்தப் பக்கத்து ஆள். மீன் ஏலத்தில் ஆரம்பித்து ஓட்டலுக்கு வந்தவர். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, தொண்டையில் ஒலிபெருக்கி. முதல் நாளே என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முழு ரிசார்ட்டையும் சுற்றிக் காட்டினார். "இந்தக் கம்ப்யூட்டர் பீரோ கீதே, முன்ன ஈசானிய மூலைல வெச்சிருந்தானுங்க. வாஸ்துக்காரர் வந்து பாத்துட்டு, கரண்ட்டு எல்லாம் அக்னி மூலைல தான்யா இருக்கணும்னாரு. தூக்கிக் கிச்சன் பக்கத்துல வெச்சிட்டேன். ஈசானியத்த பூஜ ரூமாக்கிட்டேன். அப்பால தான் யாவாரமே சூடு புடிச்சுது." நான் மரியாதைக்குத் தலையாட்டினேன். எனக்கும் வாஸ்துவுக்கும் என்ன சம்பந்தம், நான் நெட்வொர்க் இன்ஜினியராயிற்றே என்று உள்ளுக்குள் ஒரு மிதப்பு. அவர் சொன்னதை அங்கேயே உதறிவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன்.

வேலை இதுதான். ரிசார்ட் முழுவதும் ஆங்காங்கே சுவிட்சுகள் இருக்கும். விளக்கு போடும் சுவிட்ச் இல்லை, கம்ப்யூட்டர், கேமரா, வைஃபை எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கும் பெட்டிகள். மென்பொருள் முதலில் ஒரு பெட்டியைப் பிடித்து, "உன் பக்கத்து வீட்டில் யார்?" என்று கேட்கும். அது சொல்லும் பெட்டியிடம் போய் அதையே கேட்கும். இப்படி வீடு வீடாக விசாரித்து, யாரோடு யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று கோடு போட்டு ஒரு படம் வரையும். கல்யாணத் தரகர் செய்கிற வேலைதான். ரிசார்ட்டின் முன்பக்கத்துக்கு அழகாகப் படம் வந்தது. கடற்கரைப் பக்கம் வரிசையாக இருக்கும் ஏழு வில்லாக்கள் மட்டும் படத்தில் இல்லை. இத்தனைக்கும் அங்கே இன்டர்நெட் ஓடுகிறது, விருந்தாளிகள் படம் பார்க்கிறார்கள். மென்பொருளைப் பொறுத்தவரை அந்த இடத்தில் கடல்தான்.

"இன்னா இன்ஜினியரே, அந்தப் பக்கம் பூரா சொட்டையா கீது?" என்றார் ஓனர், டி.வி. திரையில் படத்தைப் பார்த்துவிட்டு.

"சின்ன விஷயம் சார். மத்தியானத்துக்குள்ள முடிச்சுடறேன்" என்றேன். வாயை வாடகைக்கு விட்டவன் மாதிரி எப்போதும் இப்படித்தான் சொல்லித் தொலைப்பேன்.

மத்தியானம் போயிற்று. அந்த வாரமும் போயிற்று. பெட்டிகள் பதில் சொல்ல ஒரு ரகசியச் சொல் உண்டு; வில்லாப் பெட்டிகளுக்கு அது வேறாக இருக்குமோ என்று ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தேன். எல்லாம் ஒன்றுதான். பக்கத்து வீட்டுக்காரரிடம் அறிமுகம் செய்துகொள்ளும் வசதி சிலவற்றில் அணைந்து கிடந்தது. ஆகா, மாட்டிக்கிட்டியா என்று துள்ளிக் குதித்து எல்லாவற்றிலும் போட்டுவிட்டேன். வில்லாக்கள் தங்களுக்குள் அறிமுகம் செய்துகொண்டன. கிச்சன் பக்கத்துப் பீரோவில் இருக்கும் பெரிய பெட்டிக்கு மட்டும் அவற்றில் ஒன்றைக்கூடத் தெரியவில்லை.

அடுத்து என் மேதாவித்தனம் கடலின் மேல் பாய்ந்தது. "உப்புக் காத்து சார். ஒயரோட முனையெல்லாம் அரிச்சிருக்கும். கடலோர சைட்டுல இதெல்லாம் சகஜம்" என்று ஓனரிடம் ஒரு விரிவுரை கொடுத்தேன். அந்த மனுஷன் நம்பி, வில்லா வில்லாவாக ஆளை விட்டுப் பெட்டிகளைத் திறக்க வைத்தார். வெயிலில் எல்லாரும் சுற்றி நின்று பார்க்க, ஒவ்வொரு முனையும் நேற்றுக் கடையில் வாங்கியதுபோல் பளபளவென்று இருந்தது. "நல்லாத்தானய்யா கீது?" என்றார் ஓனர். எனக்கு முகமெல்லாம் அசடு வழிந்தது.

கடைசியில், படம் தானாக வராவிட்டால் என்ன என்று வில்லாப் பெட்டிகளின் முகவரிகளை நானே மென்பொருளில் தட்டினேன். ஏழும் திரையில் வந்து நின்றன. ஆனால் எதோடும் ஒட்டாமல், கோடில்லாமல், மூலையில் அனாதையாக மிதந்தன. கோட்டையும் நானே கையால் இழுத்துவிடலாம். அந்த அயோக்கியத்தனமும் மனதில் வராமல் இல்லை. ஆனால் எந்தப் பெட்டியின் எந்த ஓட்டையில் இருந்து இழுப்பது என்றே எனக்குத் தெரியாதே. ஓனர் கைகட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். "கோடு எங்க? நாளைக்கு நெட்டு பூட்டா எங்கப் பூட்டுன்னு இந்தப் படம் காட்டணும்னு தான துட்டு குடுக்குறேன்? கோடு இல்லாம கையெழுத்து இல்ல. பேஜாரு பண்ணாத." அவர் கேட்டது நூற்றுக்கு நூறு நியாயம், அதனால்தான் எனக்கு அவ்வளவு எரிச்சல் வந்தது.

இதற்கு நடுவே இன்னொரு இம்சை. தினமும் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, ஏழு வில்லாவும் ஒரே நேரத்தில் திரையில் சிவப்பாகிவிடும். கொஞ்ச நேரத்தில் தானாகப் பச்சையாகும். ரிசார்ட்டின் சிஸ்டம் இன்சார்ஜ் ஒரு பெண், செய்யூர்ப் பக்கம். தினம் பஸ்ஸில் வருவார். அந்த வாஸ்து மாற்றமெல்லாம் முடிந்தபிறகு வேலைக்குச் சேர்ந்தவர். அவரிடம் கேட்டேன்.

"அது டெய்லி அப்டித்தான் சார். காத்தால ஒருவாட்டி பூடும், சாயங்காலம் ஒருவாட்டி பூடும். தானா வந்துரும். ஓனர் என்னைத்தான் காய்ச்சுவாரு. கெஸ்ட்டுங்க கேட்டா மெயின்டனன்ஸ்னு சொல்லிருவோம்."

எனக்குப் பளிச்சென்று விடை தெரிந்துவிட்டது. மென்பொருளில் கோளாறு! உடனே அதை விற்ற கம்பெனிக்கு நீளமாக, காரமாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன். அவர்கள் பதிலில் பணிவாக ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள்: பெரிய பெட்டிக்கும் வில்லாக்களுக்கும் நடுவே, பேசத் தெரியாத ஊமைப் பெட்டி ஏதாவது இருக்கிறதா? எனக்கு வந்ததே கோபம். இருபது வருஷமாக ஒயரோடு குடித்தனம் நடத்துகிறவனுக்குப் பாடம் எடுக்கிறானுங்களா? "அப்படி எதுவும் கிடையாது" என்று பார்க்காமலேயே பதில் போட்டேன். அன்று செங்கல்பட்டுப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, புனேயில் வாடகை எவ்வளவு இருக்கும் என்று செல்போனில் தேடிக்கொண்டு போனேன். மகள் முகம் நினைவுக்கு வந்தது, மூக்கை உறிஞ்சினேன். பக்கத்தில் இருந்தவர் நான் தும்மப் போகிறேன் என்று நினைத்துத் தள்ளி உட்கார்ந்தார்.

ஓனர் தினமும் இரண்டு வேளை பூஜை செய்வார். கோயிலில் இருப்பதுபோல் மின்சாரத்தில் ஓடும் முரசும் மணியும் அந்தப் பூஜை அறையில் உண்டு. அது டம் டம் என்று அடிக்க ஆரம்பித்தால் ரிசார்ட்டே அதிரும். எங்கே இருந்தாலும் நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வேன். போட்டுக்கொண்டு கண்ணைத் திறந்தால் திரையில் ஏழும் சிவப்பு. "சாமி கும்பிடக்கூட விடமாட்டேங்குதே சனியன்" என்று மென்பொருளைத் திட்டிவிட்டு உட்காருவேன். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, தினமும் இதே கூத்து. இதை எழுதும்போதே என்னை நானே நாலு சாத்து சாத்தலாம் போல இருக்கிறது.

ஒரு சாயங்காலம் ஓனர் உறவுக்காரர் கல்யாணத்துக்குச் செங்கல்பட்டு போய்விட்டார். நான் சிவப்புக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. திரையை அணைத்துப் போட்டேன், அப்போதும் பச்சைதான். நான் செய்த ஏதோ ஒன்று வேலை செய்துவிட்டது என்று பெருமையாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். "இன்னிக்கு மணி சத்தம் இல்லாம வெறிச்சுனு கீதுல்ல சார்?" என்றார் இன்சார்ஜ். "ஆமாம்மா, நிம்மதியா வேலை ஓடுது" என்றேன். அப்போதும் என் மண்டைக்கு எட்டவில்லை.

மறுநாள் காலையில் ஓனர் வந்தார். முரசு அடித்தது. சிவப்பு வந்தது. கன்னத்துக்குப் போன கை பாதியிலேயே நின்றுவிட்டது. இன்சார்ஜும் என்னைப் பார்த்தார். "சார்..." என்றார். இரண்டு பேரும் வெறுங்காலோடு ஓடினோம்.

பூஜை அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தோம். ஓனர் கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார். முரசின் ஒயர் சுவரில் இருந்த ஒரே பிளக் பாயிண்டில் சொருகியிருந்தது. அதற்குப் பக்கத்தில், அதில் இருந்து பிடுங்கப்பட்ட இன்னொரு பிளக் தரையில் கிடந்தது. கற்பூரம் அணைந்ததும் முரசை நிறுத்தி, அதன் ஒயரைக் கழற்றி, கீழே கிடந்த பிளக்கை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகப் பொறுப்போடு மறுபடி சொருகினார். பிறகு எங்களுக்கு விபூதி கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் அந்தப் பிளக்கின் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். சாமி மேடைக்குக் கீழே ஒரு மரக் கதவு. திறந்தால் உள்ளே உதிரிப் பூவும் விபூதியும் படிந்து, பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு ஒரு சின்னப் பெட்டி. பேசத் தெரியாத ஊமைப் பெட்டி. அப்போதுதான் முதல் நாள் ஓனர் சொன்ன வாஸ்துக் கதை மண்டையில் இறங்கியது. பீரோவைக் கிச்சன் பக்கம் தூக்கிப் போனபோது, வில்லாக்களில் இருந்து வந்த ஃபைபர், அதாவது கண்ணாடி இழை ஒயர், அங்கே எட்டவில்லை. அப்போது வேலை பார்த்த ஆள் யாரோ, பழைய இடத்திலேயே இந்தப் பெட்டியை வைத்து, இங்கிருந்து சாதாரண ஒயரை இழுத்துவிட்டுப் போய்விட்டான். ஏழு வில்லாவின் அறிமுகமும் இந்த ஊமை வரைக்கும் வந்து அதோடு நின்றுபோகிறது. ஓனரோ தினம் இரண்டு வேளை அதன் மூச்சையே நிறுத்தி நிறுத்தி விடுகிறார்.

சந்தோஷத்தில் கத்தத் தோன்றியது. அடுத்த நொடியே வாயைப் பொத்திக்கொண்டேன். "உங்க நெட்டை அறுக்கிறதே நீங்கதான்" என்று அந்த ஒலிபெருக்கித் தொண்டையிடம் யார் சொல்வது? கையெழுத்து அவர் கையில் இருக்கிறது.

"நீங்களே சொல்லுங்க சார். நான் சொன்னா என் வேல பூடும்" என்றார் இன்சார்ஜ்.

கழிப்பறைக் கண்ணாடி முன்னால் நின்று பலவிதமாகச் சொல்லிப் பார்த்தேன். எப்படிச் சொன்னாலும் கடைசியில் நான் புனே ரயிலில் உட்கார்ந்திருந்தேன். ஓனர் முன்னால் போய் நின்றபோது, ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், வாயில் வந்தது இதுதான்: "சார், ஈசானிய மூலைல ஒரு கரண்ட் பெட்டி இருக்கு."

"இன்னாது!" நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "ஈசானியத்துல கரண்ட்டா? எவன்டா வெச்சான்?"

கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். மரக் கதவைத் திறந்து குனிந்து பார்த்தார். பிளக்கைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். "அப்ப நான் தெனம் புடுங்கிப் போடுறது... நான் ஏதோ செல்லு சார்ஜர்னு இல்ல நெனச்சுக்கினு இருந்தேன்?"

"சார்ஜர் இல்ல சார்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மரக் கதவை மெதுவாகச் சாத்தினார். நான் மனதுக்குள் பெட்டி படுக்கையைக் கட்ட ஆரம்பித்துவிட்டேன். திடீரென்று தலையில் அடித்துக்கொண்டார். "அடப்பாவி! நானே கெஸ்ட்டுக்கு நெட்டப் புடுங்கிக்கினு, இந்தப் பொண்ண வேற தெனம் திட்டிக்கினு இருந்தேனா?" இன்சார்ஜ் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீயாவது இன்னா ஏதுன்னு வந்து பாக்கக் கூடாதா?"

"நீங்க சாமி கும்புடும்போது எப்டி சார் உள்ள வர்றது?" என்றார் அவர். ஓனர் சிரித்துவிட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இன்றைக்கே அந்தப் பெட்டி வெளியே போயாகணும் என்று உத்தரவு போட்டார். ஃபைபரை ஒட்டி நீட்டுகிற ஆளைச் செங்கல்பட்டில் இருந்து வரவழைத்தேன். ஊமைப் பெட்டியை எடுத்துவிட்டு, வில்லா ஃபைபரை நேராகக் கிச்சன் பக்கத்துப் பெரிய பெட்டியில் சேர்த்தோம். மென்பொருளை மறுபடி விசாரிக்க விட்டேன். ஒரு கோடு வந்தது. அதன் நுனியில் இருந்து இன்னொன்று. ஏழு வில்லாவும் வரிசையாகப் படத்தில் வந்து உட்கார்ந்தன. ஓனர் திரையை விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்த முரசும் கரண்டில்தான் ஓடுகிறது, அதுவும் ஈசானியத்தில்தான் இருக்கிறது என்பதைப் பற்றி நான் மூச்சுவிடவில்லை.

அன்று அரைக் கிலோ ஜிலேபி வாங்கிக்கொண்டு சாயங்கால ரயிலில் வீட்டுக்கு வந்தேன். மனைவி வீட்டில் இல்லை. என் அறையில் என் மேஜையைக் காணவில்லை. அந்த இடத்தில் மகளின் மேஜை, சுவரெல்லாம் வேதியியல் சூத்திரம். நான் திகைத்து நிற்கும்போது வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு மனைவி இறங்கினாள். பின்னால் டியூஷன் பையோடு மகள். சைக்கிளுக்கே பயப்படுகிற என் மனைவி, ஜி.எஸ்.டி. ரோட்டில், ஸ்கூட்டரில்!

"புனே இல்ல. இங்கயேதான்" என்றேன், ஜிலேபிப் பொட்டலத்தை நீட்டி.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மகள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "ஐயோ, அப்போ ரூம் எனக்கு இல்லையா?"

"சும்மா இருடி" என்றாள் மனைவி. என்னை உட்காரச் சொன்னாள். வண்டி ஓட்டப் பக்கத்துத் தெரு டீச்சரிடம் கற்றுக்கொண்டாளாம். மோட்டார், இன்வெர்ட்டர், காஸ் புக்கிங், எல்லாம் இரண்டு பேரும் பிரித்துக்கொண்டார்களாம். "நீங்க அங்க போய், நாங்க என்ன பண்றோமோன்னு நினைச்சு நினைச்சு சாப்பிடாமக் கிடப்பீங்க. உங்களைத் தெரியாதா? கவலைப்படாமப் போகணும்னுதான் எல்லாத்தையும் கத்துக்கிட்டோம். ரயில் ஏறும்போது சொல்லலாம்னு இருந்தேன்."

எனக்கு அவமானமாக இருந்தது. அழுகையும் வந்தது. எதற்கு எது என்று பிரிக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். "அப்போ நான் இங்க வேண்டியதே இல்லையா?" என்று கேட்டேவிட்டேன். சின்னப் பிள்ளை மாதிரித்தான் கேட்டேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்லப் பழகாதவள். "வேண்டியது இல்லைதான்" என்றாள். "இருந்தா நல்லா இருக்கும்."

மகள் ஒரு ஜிலேபியைப் பிட்டு என் வாயில் வைத்துவிட்டு, மேஜையைத் திரும்ப நகர்த்த ஒரு கை பிடிக்கச் சொன்னாள். அது அங்கேயே இருக்கட்டும் என்றேன்.